வரைவுத் திட்டத்தில் எங்கள் தெருவின் நிறம் மாறியிருக்கிறது. எனக்கு என்ன நடக்கும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற மொழி ஆசிரியை. எங்கள் நகரின் புதிய முழுமைத் திட்டத்துக்கு வரைவு வெளியாகியிருக்கிறது. பழைய வரைபடத்தில் மஞ்சளாக இருந்த எங்கள் தெரு இதில் ஆரஞ்சாகி, ‘கலப்புப் பயன்பாடு’ என்று இருக்கிறது. தளப்பரப்புக் குறியீடு 1.5 என்பது 2.5 ஆகியிருக்கிறது. பின்சந்தை ஒட்டிய வீடுகளைச் சுற்றிக் கோடு போட்டு ‘மறுமேம்பாட்டுப் பகுதி’ என்கிறார்கள். என் வீட்டு முன்வாசலை வெட்டிக்கொண்டு ‘உத்தேச சாலை விரிவாக்கம்’ என்று ஒரு புள்ளிக்கோடு போகிறது. கடைசியில் உள்ள சொல் விளக்கத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. எனக்கு என்ன நடக்கும் என்பதுதான் புரியவில்லை. ‘நிலத்துக்கு விலை ஏறும், பேசாமல் இருங்கள்’ என்கிறார்கள் அக்கம்பக்கத்தினர். ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

வணக்கம் அம்மா.

உங்கள் வாசிப்பில் எந்தக் குறையும் இல்லை. திட்ட அறிக்கையின் கடைசியில் இருக்கும் சொல் விளக்கம் பார்க்க அகராதி மாதிரி இருக்கும். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டும் இருந்தால் போதும். திட்டத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு: ஒருவரைக் கட்ட விடும், இன்னொருவரைத் தடுக்கும், முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தூக்கி ஓர் அலுவலகத்தின் கையில் கொடுக்கும். அந்த வேலை சொல் விளக்கத்தில் எழுதியிருக்காது, விதிகள் பகுதியில்தான் இருக்கும். ஆகவே கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, வரைபடத்தில் உங்கள் மனையைத் தேடி, அதன்மேல் விழுந்திருக்கும் ஒவ்வொரு சொல்லையும் விதிகளுக்குள் தொடர்ந்து போங்கள். இந்தச் சொல் எதை அனுமதிக்கிறது, அதை முடிவு செய்வது யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால் போதும்.

நிறத்தில் ஆரம்பிப்போம். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, திறந்தவெளிக்குப் பச்சை என்பது பெரும்பாலும் எங்கும் ஒரே மாதிரி. சிவப்பும் நீலமும் அப்படி இல்லை. சில நாடுகளில் சிவப்பு என்றால் வணிகம், வேறு நாடுகளில் பொது நிறுவனங்கள். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் குறிவிளக்கத்தைப் பார்க்காமல் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வரைபடத்தில் எழுதியிருக்கும் ஆண்டையும் பாருங்கள். ‘தற்போதைய நிலப் பயன்பாடு’, ‘உத்தேச நிலப் பயன்பாடு’ என்று இரண்டு வரைபடங்கள் இருக்கும். முதலாவது இன்று இருப்பதைச் சொல்வது, இரண்டாவதுதான் சட்டமாகப் போவது. கூட்டங்களில் பாதி நேரம் இந்த இரண்டையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதிலேயே கழிவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ‘கலப்புப் பயன்பாடு’. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீடு ஓரிடம், கடை ஓரிடம், தொழில் ஓரிடம் என்று ஊரைப் பிரித்து வைப்பதற்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் ஒரு நகரம் முழுமைக்குமான மண்டல விதிகள் முதலில் வந்தது 1916ல், நியூயார்க்கில். யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட மண்டலக் கட்டுப்பாடு செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926ல் தீர்ப்பளித்த பிறகு அது நாடெங்கும் பரவியது. அந்தத் தீர்ப்பு, தனி வீடுகள் உள்ள பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. அந்தப் பார்வையின் விளைவைப் பிற்காலம் அனுபவித்தது: எதை வாங்கவும் வண்டியில் போக வேண்டிய புறநகர்கள். கீழே கடையும் மேலே வீடும் இருக்கும் தெருவை இன்றைய நகரமைப்பாளர்கள் திரும்ப விரும்புவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. நானும் அதை விரும்புகிறவன்தான்.

ஆனால் ‘கலப்பு’ என்ற சொல் எதையெல்லாம் கலக்கிறது என்று நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் வழக்கமாக மூன்று பட்டியல் இருக்கும்: தானாகவே அனுமதி உள்ளவை, நிபந்தனையோடு அனுமதிக்கக்கூடியவை, கூடாதவை. முதல் பட்டியலில் மருந்துக் கடையும் மருத்துவர் அறையும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். விழா மண்டபமும் கிடங்கும் வாகனப் பழுது பார்க்கும் பட்டறையும் அதே பட்டியலில் இருந்தால் அதுதான் உங்கள் ஆட்சேபணை. நடுப் பட்டியலை இன்னும் கவனமாகப் பாருங்கள். நிபந்தனை என்ன, அதை விதிப்பது யார், அண்டை வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டுமா? இவற்றுக்குப் பதில் எழுதப்படாமல் இருந்தால் அந்தப் பட்டியலின் கதவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். இப்போது இருக்கும் உங்கள் வீடு புதிய மண்டலத்துக்குப் பொருந்தாமல் போனால் அதைப் ‘பொருந்தாப் பயன்பாடு’ என்பார்கள். அதற்காக வீட்டை இடிக்கச் சொல்வது வழக்கமில்லை. ஆனால் விரிவாக்கவோ, இடிந்தால் அதே மாதிரி திரும்பக் கட்டவோ தடை இருக்கலாம். கலப்பு மண்டலத்தில் குடியிருப்பு அனேகமாக முதல் பட்டியலிலேயே இருக்கும். இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது தளப்பரப்புக் குறியீடு. உங்கள் அக்கம்பக்கத்தினர் விலை ஏறும் என்று சொல்வது இதை வைத்துத்தான். இதில் நிதானமாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தக் குறியீடு எந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது என்று தெரிந்தால் சொல் சீக்கிரம் பிடிபடும். 1915ல் நியூயார்க்கில் ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்தது. ஓர் ஏக்கருக்கும் குறைவான மனை, 38 மாடி, ஏறக்குறைய 12 லட்சம் சதுர அடித் தளம். அதாவது மனையைப் போல ஏறக்குறைய 30 மடங்கு தளப்பரப்பு. அதன் நிழலில் அண்டைக் கட்டடங்கள் வெளிச்சம் இழந்தன, மறு ஆண்டே விதிகள் வந்தன. முதலில் உயரத்தையும், மேலே போகப் போகக் கட்டடம் தெருவிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்பதையும்தான் கட்டுப்படுத்தினார்கள். மனையையும் மொத்தத் தளப்பரப்பையும் நேரடியாக ஒப்பிடும் எண் 1961ல் அந்த நகர விதிகளுக்குள் வந்தது. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனைப் பரப்பால் வகுத்தால் வருவதுதான் உங்கள் 1.5, 2.5 எல்லாம்.

ஆனால் இந்த எண் தனியாக ஓடாது. கூடவே பக்க இடைவெளி, மனையில் எவ்வளவு பகுதியைக் கட்டடம் மூடலாம் என்ற வரம்பு, உயர வரம்பு, வண்டி நிறுத்த இடம் ஆகியவை வரும். எது மிகவும் இறுக்குகிறதோ அதுதான் கடைசியில் ஆளும். ஓர் உதாரணம் போடுகிறேன். எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை. உங்கள் வரைவில் உள்ளதை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனை 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். 200 சதுர மீட்டர். முன்னால் 3 மீட்டர், பின்னால் 2 மீட்டர், இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட வேண்டும். கட்டடத்துக்கு மிஞ்சுவது 7க்கு 15, அதாவது ஒரு தளத்துக்கு 105 சதுர மீட்டர். பழைய குறியீடு 1.5 என்றால் மொத்தம் 300 வரை கட்டலாம். ஏறக்குறைய மூன்று தளம். புதிய குறியீடு 2.5 என்றால் 500. ஐந்து தளம் வேண்டும். ஆனால் உயர வரம்பு நான்கு தளத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 105ஐ நான்கால் பெருக்கினால் 420தான். தாளில் 2.5, கையில் 2.1.

சரி, பக்கத்து மனையும் இதே அளவு. இரண்டையும் ஒருவர் வாங்கி ஒன்றாகச் சேர்த்தால்? நடுவில் விட்ட இரண்டு ஒன்றரை மீட்டர்களும் தேவையில்லை. 17க்கு 15, தளத்துக்கு 255. நான்கு தளத்தில் 1,020. அனுமதி 400 சதுர மீட்டர் மனைக்கு 1,000. முழு 2.5ஐயும் எட்டிவிடலாம். தனித்தனியாகக் கட்டினால் இரண்டு மனையிலும் சேர்த்து 840, சேர்த்துக் கட்டினால் 1,000. குறியீடு ஏறிய பிறகு கட்டுநர்கள் ஒரு வீட்டுக்காரரிடம் பேசாமல் வரிசையாக எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுவது இதனால்தான். விலை ஏறுவது உண்மை, ஆனால் அந்த ஏற்றம் மனைகளைச் சேர்க்க முடிந்தவர் கைக்குத்தான் முதலில் போகும். தனி மனையை வைத்துக்கொண்டு அங்கேயே வாழ நினைக்கும் உங்களுக்கு, விற்காத வரை, கூடுதல் விலை வரிக் கணக்கில் மட்டும் தெரியும்படி ஆகலாம். விற்பதா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை. யாராவது பேரம் பேச வந்தால் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. குறியீட்டில் எது சேரும், எது சேராது என்று ஒரு பத்தி இருக்கும். வண்டி நிறுத்தும் தளம், மாடிப்படி, பால்கனி ஆகியவற்றைக் கணக்கிலிருந்து விலக்கியிருப்பார்கள். விலக்கு நீளமாக இருந்தால் 2.5 என்பது கண்ணுக்கு மூன்றுக்கும் மேலாகத் தெரியும். சில இடங்களில் பொதுமக்களுக்குத் திறந்த முற்றம் விட்டால் கூடுதல் தளப்பரப்பு தருவார்கள். நியூயார்க் 1961ல் அப்படிச் செய்தது. பல முற்றங்கள் உட்கார ஓர் இருக்கைகூட இல்லாத வெறும் கல்தரையாக முடிந்தன. இருக்கை, மரம் என்று நிபந்தனைகளைச் சேர்த்து 1975ல் விதியைத் திருத்த வேண்டியிருந்தது. உங்கள் வரைவில் ‘ஊக்கத் தளப்பரப்பு’ என்று எங்காவது இருந்தால், பதிலுக்கு என்ன கிடைக்கிறது, அது எந்நேரமும் திறந்திருக்குமா என்று கேளுங்கள்.

‘நெருக்கம்’ என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். நெருக்கம் என்றால் உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். பாரிஸ் நகர எல்லைக்குள் சுமார் 105 சதுர கிலோமீட்டரில் 20 லட்சத்துக்கும் மேலானவர்கள் வாழ்கிறார்கள், பெரும்பகுதி ஆறேழு மாடிக் கட்டடங்களில்தான். கோபுரங்கள் இல்லாமலே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 20,000 பேர். எனவே தெருவில் ஆட்கள் கூடுவதை எதிர்த்து உங்கள் ஆட்சேபணையை எழுத வேண்டாம். கூடுகிறவர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் எந்த ஆண்டில், யார் செலவில் வரும் என்று கேளுங்கள். குறியீட்டை உயர்த்த ஒரு வரி போதும், குழாயைப் பெரிதாக்கத் தெருவைத் தோண்ட வேண்டும். இரண்டும் ஒரே அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்தது பின்சந்து வீடுகள்தான். மேம்பாடு, மறுமேம்பாடு, புதுப்பித்தல், புத்துயிரூட்டல் என்று கேட்க இதமான சொற்கள் பல உண்டு. இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு சொல் இருக்கும்: ‘சீரழிந்த பகுதி’ அல்லது ‘வாழத் தகுதியற்ற பகுதி’. அந்த முத்திரை ஒரு வீட்டின்மேல் விழுவதில்லை, ஒரு எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றின்மேலும் விழும்.

வாஷிங்டன் நகரின் தென்மேற்கில் ஒரு பல்பொருள் கடை இருந்தது. கட்டடம் பாழடைந்ததும் இல்லை, அதில் யாரும் குடியிருக்கவும் இல்லை. ஆனால் அது நின்ற பகுதி சீரழிந்தது என்று அறிவிக்கப்பட்டதால் கடையையும் அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று 1954ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பகுதியை முழுதாகத்தான் பார்க்க வேண்டும், கட்டடம் கட்டடமாகப் பார்க்கத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2005ல் அதே நாட்டின் நியூ லண்டன் என்ற சிறு நகரத்தின் வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். அங்கே வீடுகள் சீரழிந்தவை என்ற குற்றச்சாட்டுகூட இல்லை. பொருளாதார வளர்ச்சி வரும் என்பதே ‘பொதுப் பயன்’ ஆகுமென்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நிலத்தை எடுத்தார்கள். சொன்ன வளர்ச்சி வரவில்லை, இடம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. அதன்பின் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்தின.

உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கும். சொல் வேலை செய்யும் விதம் மட்டும் ஒன்றுதான். ஆகவே கேளுங்கள்: அந்தக் கோட்டை எந்த அளவுகோலை வைத்து இழுத்தார்கள்? வீடு வீடாக ஆய்வு செய்தார்களா, அந்தத் தாள் எங்கே? வாடகைக்கு இருப்பவர்கள் கணக்கில் இருக்கிறார்களா? மறுகுடியமர்வு அதே இடத்திலா, வேறு இடத்திலா, இடைப்பட்ட காலத்தில் எங்கே? பின்சந்தில் இருப்பவர்கள் வரைவைப் படித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தயவுசெய்து நீங்கள் போய் அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்கும் அதே 30 நாள்தான் இருக்கிறது.

முன்வாசல் புள்ளிக்கோட்டுக்கு வருவோம். திட்டத்தில் கோடு போடுவதும் நிலத்தை எடுப்பதும் வெவ்வேறு செயல்கள், பெரும்பாலும் வெவ்வேறு சட்டங்கள். கோடு விழுந்ததால் நாளைக்கே யாரும் வாசலை இடிக்க வரமாட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் துண்டில் புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். வீட்டைத் திருத்தக் கேட்டுப் போகும்போது ‘அந்தத் துண்டை எழுதிக் கொடுங்கள், அனுமதி தருகிறோம்’ என்று நிபந்தனை வரலாம். சாலை வராமலே பல ஆண்டுகள் நிலம் மட்டும் கட்டுண்டு கிடப்பதும் உண்டு. இந்த ஒதுக்கீட்டுக்குக் காலாவதி உண்டா, எத்தனை ஆண்டு, அதற்குள் எடுக்காவிட்டால் கோடு தானாக விலகுமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஈடாகப் பணம் தராமல் ‘மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை’ தருவதாகச் சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம். உங்கள் நிலத்தில் கட்ட முடியாமல் போன தளப்பரப்பை ஒரு சான்றிதழாகத் தந்து, வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்றுக்கொள்ளச் சொல்வது அது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின்மேல் 50 மாடிக்கும் மேலான கோபுரம் கட்ட அனுமதி மறுத்த வழக்கில், 1978ல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அந்த உரிமையை அண்டை மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது என்பதையும் அது கணக்கில் எடுத்தது. நல்ல யோசனைதான். ஆனால் வாங்குகிறவர் இருந்தால்தான் சான்றிதழுக்கு மதிப்பு. எல்லா மண்டலத்திலும் குறியீட்டைத் தாராளமாக உயர்த்திவிட்ட ஊரில் கூடுதல் தளப்பரப்பை யார் காசு கொடுத்து வாங்குவார்?

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பசுமை வளையம்’ என்றால் பூங்கா என்று எண்ண வேண்டாம். லண்டனைச் சுற்றியுள்ள வளையத்தில் பெரும்பகுதி தனியார் விளைநிலம். நகரம் பரவாமல் தடுப்பதுதான் அதன் வேலை, மக்கள் நடந்து போக வழி தருவது அதன் கடமையல்ல. ‘கட்டுப்படியாகும் வீடு’ என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2011ல் வந்த ஒரு வகையில், சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை வாங்கினாலும் அந்தப் பெயர் செல்லும். வாடகை எகிறிய ஊரில் அந்த 80ம் எட்டாத உயரம்தான்.

மொழி ஆசிரியை என்பதால் ஒரு வேலை உங்களிடம் தருகிறேன், அலுவலர்களைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். விதிகளின் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று முடிவது கட்டாயம். ‘செய்யலாம்’, ‘முயற்சி எடுக்கப்படும்’, ‘இயன்றவரை’, ‘உரிய முறையில்’ என்பவை யாரையும் கட்டுப்படுத்தாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாலைத் திட்டத்துக்கு நான் எழுதிய வரியில் ‘மரங்கள் பாதுகாக்கப்பட வேண்டும்’ என்று இருந்தது. சரிபார்த்துத் திரும்பி வந்தபோது ‘மரங்கள் இயன்றவரை பாதுகாக்கப்படும்’ என்று ஆகியிருந்தது. சின்ன மாற்றம்தானே என்று நானும் கையெழுத்திட்டேன். அந்தச் சாலையில் ஒரு மரமும் மிஞ்சவில்லை, கேட்டபோது அந்த ஒரு சொல்லைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இன்றும் அந்த வழியாகப் போக எனக்கு மனம் வருவதில்லை.

‘மக்கள் கருத்துக் கேட்பு’ என்பதும் அறிக்கையில் உள்ள சொல்தான். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வகுத்தார். மக்களை வசப்படுத்துவது அடிப்படி, மக்கள் கையில் முடிவு இருப்பது மேற்படி. வெறும் கருத்துக் கேட்பு நான்காவது படி. கேட்பார்கள், ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது. பிற்பாடு மேல்முறையீடோ வழக்கோ வந்தால், உரிய காலத்தில் எழுத்தில் சொன்னோம் என்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

எழுதும்போது ‘இந்தத் திட்டம் வேண்டாம்’ என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். இன்ன பக்கம், இன்ன விதி எண், அதில் இன்ன சொல், அதற்குப் பதில் இன்ன சொல் வேண்டும் என்று எழுதுங்கள். உதாரணமாக: ‘கலப்பு மண்டலத்தின் முதல் பட்டியலிலிருந்து கிடங்கை நீக்க வேண்டும்’, ‘உயர்த்திய குறியீடு, கழிவுநீர்க் குழாய் விரிவாக்கம் முடிந்த பிறகே அமலுக்கு வர வேண்டும்’, ‘சாலை விரிவாக்க ஒதுக்கீடு இத்தனை ஆண்டில் எடுக்கப்படாவிட்டால் நீங்க வேண்டும்’. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிப் பத்தி. உங்கள் மனை எண்ணும் வரைபடத் தாள் எண்ணும் மேலே. தெருவில் 20 பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதைவிட, அவரவர் மனைக்கு ஏற்றபடி தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் பதிவாக வாய்ப்பு அதிகம்.

பின்சந்துக்காரர்களுக்கு எழுத உதவி தேவைப்படும். முதல் வாரத்திலேயே அவர்களோடு உட்காருங்கள். கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். 30ஆம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். விடுமுறை நாளைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.